பேஸ் ஆம்பில் ஒலி தேய்கிறது: பழுது பார்க்க ஆலோசனை தேவை

குழுவினருக்கு வணக்கம். சிங்கப்பூரின் ஈசூனில் வீட்டில் நான் வாசிக்கும் 100 வாட் பேஸ் ஆம்பில் (பேஸ் கித்தாருக்கான ஒலிபெருக்கியில்), இயக்கிய 20 நிமிடங்களுக்குள் ஒலி படிப்படியாகத் தேய்ந்து, ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் அதிரும் தடித்த ஈ தந்தியை ஓங்கி மீட்டினால் மட்டும் 'டப்' என்ற வெடிப்புடன் திரும்புகிறது. கேபிளையும் கித்தாரையும் மாற்றிப் பார்த்தேன். குறை அவற்றில் இல்லை. வெளி ஒலிமாற்றுக் கருவிகளை இணைப்பதற்காகப் பின்புறமுள்ள எஃபெக்ட்ஸ் சென்ட், ரிட்டர்ன் துளைகளைச் சிறு கேபிளால் இணைத்தபோது ஒலி சீராக வந்ததால், எதுவும் செருகாதபோது ஒலியைக் கடத்தும், ரிட்டர்ன் ஜாக்கினுள் இருக்கும் தொடுமுனை நம் ஊர் ஈரப்பதத்தில் களிம்பேறியிருக்க வேண்டும் என்று கருதுகிறேன். அதில் பிளக்கைப் பத்துப் பதினைந்து முறை செருகி எடுத்தால் இரண்டு நாள் தாங்குகிறது, பிறகு பழைய கதைதான்.

வால்யூமைச் சுழியத்தில் வைத்தாலும் ஒரு முனகல் நீடிக்கிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தைச் சீராக்கும் வடிகட்டி மின்தேக்கிகள் தளர்ந்தால் 100 ஹெர்ட்ஸ் முனகல் எழும் என்பது தெரியும். ஆனால், மின் இணைப்பைத் துண்டித்த பின்னும் அவற்றில் ஆபத்தான மின்னூட்டம் தங்கக்கூடும் என்பதால் மூடியைத் திறக்க நான் துணியவில்லை. ஒரு கடையில் திறந்து பார்க்காமலேயே போர்டு முழுவதையும் மாற்றச் சொன்னார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை.

ஜாக்கைத் துடைக்க எவ்வகைக் கான்டாக்ட் கிளீனர் (மின்தொடுமுனைகளைச் சுத்தம் செய்யும் திரவம்) ஏற்றது, அது மின்னணுப் பொருள் கடைகள் உள்ள சிம் லிம் டவரில் கிடைக்குமா, மின்தேக்கிகளை அளந்து பார்த்து மாற்றித்தரும் பழுதுநர் யாரேனும் உள்ளனரா என்பதை அறிந்தவர்கள் அன்புகூர்ந்து தெரிவிக்கவும்.