பராமரிப்பாளர் கொடுப்பனவு பெற்றால் டாக்ஸ் கிரெடிட் குறையுமா?

கிளிநொச்சியிலிருந்து:
இலண்டனில், பக்கவாதத்தால் படுக்கையில் இருக்கும் அத்தானைப் பராமரிக்கும் என் அக்கா, பராமரிப்பாளர் கொடுப்பனவு கேட்டால் பிள்ளைகளுக்கான டாக்ஸ் கிரெடிட் (வருமானத்தைப் பொறுத்துக் கிடைக்கும் பிரித்தானிய அரச உதவி) குறைந்துவிடும் என்று அஞ்சி, நிரப்பிய படிவத்தை மேசை லாச்சிக்குள் வைத்திருக்கிறார். அவருடைய அச்சம் சரிதானா?

முல்லைத்தீவிலிருந்து:
ஒரு காலத்தில் சரி. அக்கொடுப்பனவு முழுவதும் வருமானமாகவே கணக்கிடப்பட்டது. ஆனால் டாக்ஸ் கிரெடிட் 2025 ஏப்ரல் 5 உடன் முடிந்துவிட்டது. அதற்குப் பதிலாக இப்போதுள்ள யுனிவர்சல் கிரெடிட் என்னும் அரச உதவியில் கொடுப்பனவு பவுணுக்குப் பவுண் கழிக்கப்பட்டாலும், வாரம் 35 மணித்தியாலமாவது பராமரிப்பவருக்குத் தனித் தொகையொன்று சேர்க்கப்படுகிறது. இலங்கை அரசின் அஸ்வெசும நலன்புரி உதவிப் படிவத்தோடு அலைந்த நமக்கு இந்தக் கூட்டல் கழித்தல் புதிதல்ல.

வவுனியாவிலிருந்து:
கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்காமலே அத்தனித் தொகையைக் கேட்கலாம். ஆயினும் அத்தான் 'பிப்' என்னும் மாற்றுத்திறனாளிகளுக்கான அரச உதவியின் அன்றாட வாழ்வுப் பகுதி போன்ற ஒன்றைப் பெற்றிருக்க வேண்டும்.

கிளிநொச்சியிலிருந்து:
'பிப்' கடிதமும் அதே லாச்சியில்தான் கிடக்கிறதாம். இன்றிரவே அக்காவுடன் பேசுகிறேன்.