கத்திரி வெயிலும் கேரவன் சன்னலும்: செட்டிநாட்டுப் பக்கம் பட்ட அனுபவங்கள்

பள்ளத்தூர் பேரன்:

கேரவன் என்றதும் நடிகர்கள் ஏறி இறங்கும் வண்டி என்று நினைத்துவிடாதீர்கள். எங்களுடையது பழைய டெம்போ டிராவலர். சீட்டுகளைக் கழற்றிவிட்டு இரண்டு கட்டில், ஒரு அடுப்பு மேடை, ஒரு சிங்க் வைத்து நாங்களே தேற்றிய வண்டி. ஏசி கிடையாது.

போன மே மாதம் கானாடுகாத்தானில் சொந்தக்காரர் கல்யாணம். வீடு என்னவோ இந்தத் தெருவில் ஆரம்பித்து அந்தத் தெருவில் முடிகிறது. ஆனால் பங்காளிகள் பூட்டிக்கொண்டு போன அறைகள்தான் அதிகம். சரி, வண்டியிலேயே படுத்துக்கொள்ளலாம் என்று பக்கத்துச் சந்தில் நிறுத்திவிட்டோம். வெயிலுக்காகவே சென்னையில் கருநீலத்தில் கனமான திரை தைத்து எல்லாச் சன்னலுக்கும் உள்பக்கம் மாட்டியிருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மதியம் மூன்று மணிக்கு வெளியே நிழலில் 38 டிகிரி. வண்டிக்குள் 46. திரையைத் தொட்டால் அப்போதுதான் இஸ்திரி போட்டு எடுத்த வேட்டி மாதிரி சுடுகிறது. பையன் வியர்க்குருவோடு அழுதுகொண்டிருந்தான். மோர் கொண்டுவந்த ஆச்சி ஒருவர் தலையை உள்ளே நீட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வெயில உள்ள கூப்புட்டு உக்கார வச்சுட்டு, அப்புறம் மூஞ்சிய மூடுனா போயிருமாப்பா?"

அதோடு விடவில்லை, வளவுக்குள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம் இறங்கி நிற்கிறது. வெயில் தாழ்வாரத்தின் ஓட்டில் விழுந்து சூடு அங்கேயே நின்றுவிடுகிறது, சுவர் வரைக்கும் வருவதில்லை. ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் வெறுங்காலோடு நின்றேன், அந்த நேரத்திலும் சில்லென்றிருந்தது. வெளிச்சம் கண்ணாடி வழியாக உள்ளே வந்து திரையில் பட்டால் திரை சூடாகும். அந்தச் சூடு திரும்பக் கண்ணாடி வழியே அவ்வளவு எளிதில் வெளியேறாது. எட்டாம் வகுப்பில் படித்ததுதான். ஆச்சி சொல்லித்தான் மண்டையில் ஏறியது.

அன்று சாயங்காலமே காரைக்குடி போய், நாற்றங்காலுக்குக் கட்டும் பச்சை வலை வாங்கினேன், 75 சதவீதம் நிழல் தருவது. கூரை விளிம்பிலிருந்து கயிற்றில் தொங்கவிட்டு, கீழ்ப்பக்கம் மூங்கில் குச்சி செருகி, கண்ணாடியிலிருந்து நாலு விரற்கடை தள்ளி நிற்கும்படி கட்டினேன். அந்த இடைவெளி முக்கியம், காற்று அதன் வழியாகப் போய் வர வேண்டும். மறுநாள் அதே மூன்று மணிக்கு உள்ளே 40. குளுகுளு என்று சொல்ல முடியாதுதான். ஆனாலும் பையன் தூங்கினான்.

உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்.

ஷூட்டிங் வண்டி ஓட்டுநர்:

அண்ணே, நான் நீங்கள் சொன்ன அந்த நடிகர் வண்டியைத்தான் ஓட்டுகிறேன். காரைக்குடிப் பக்கம் வராத வருஷமே இல்லை, பெரிய வீடு, கோயில், கண்மாய் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் கிடைப்பதால் யூனிட்டுகளுக்கு இந்த ஊர் பிடிக்கும். ஏவிஎம் செட்டியார் 1940-களில் தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு ஸ்டூடியோ நடத்திய மண் ஆயிற்றே.

ஜெனரேட்டர் போட்டு ஏசி ஓடினாலும் மேற்குப் பக்கக் கண்ணாடி திறந்து கிடந்தால் மூன்று மணிக்கு மேல் ஏசி தோற்றுவிடும். அதனால் நான் முதலில் பார்ப்பது திசையை. நம் ஊர் பூமத்திய ரேகையிலிருந்து பத்து டிகிரி வடக்கே இருக்கிறது. ஏப்ரல் நடுவில் உச்சி வெயில் நேர் தலைக்கு மேல். கத்திரி ஆரம்பிக்கும்போது சூரியன் நம்மைத் தாண்டி வடக்கே போயிருக்கும். அதனால் மே மாதத்தில் தெற்குப் பக்கச் சன்னலில் வெயில் அநேகமாக அடிக்காது. தொல்லையெல்லாம் கிழக்கும் மேற்கும்தான். வண்டியின் மூக்கை வடக்கே வைத்து நிறுத்துவேன். கதவும் இழுத்து விரிக்கும் படுதாவும் இடது பக்கம் இருப்பதால், மத்தியானத்துக்கு மேல் படுதா மேற்குப் பக்கம் நிழல் கொடுக்கும். காலையில் கிழக்குப் பக்கம் அடித்தால் பரவாயில்லை, அந்த நேரம் ஏசி தாங்கும்.

ஒரு தடவை இடம் நெருக்கடி. புரொடக்‌ஷன் ஆள் சொன்னபடி மூக்கை மேற்கே வைத்து நிறுத்தினேன். முன்கண்ணாடி அவ்வளவு பெரிது, அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்த மாதிரி ஆகிவிட்டது. பக்கத்து மண்டபத்தில் கழற்றிப் போட்டிருந்த மணிவிழா ஃப்ளெக்ஸை மேனேஜரிடம் கேட்டு வாங்கி, பின்பக்க வெள்ளை வெளியே தெரியும்படி முன்கண்ணாடி மேல் கட்டினேன். வெயில் அடங்கியது. ஆனால் வெளிச்சத்தில் மறுபக்கப் படம் தெரியும் அல்லவா, மேக்கப் போட வந்த அம்மா நாள் பூராவும் மாலையும் கழுத்துமாகச் சிரிக்கிற தாத்தா பாட்டியைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்.

இன்னொன்று, பலரும் மறப்பது கூரைச் சன்னல். நட்ட நடுப்பகலில் வெயில் பக்கச் சன்னலில் விழாது, கூரைக் கண்ணாடி வழியாகக் கொட்டும். பக்கமெல்லாம் மூடிவிட்டு இதைத் திறந்து போட்டால் என்ன பயன்? நான் தெர்மோகோலை அளவுக்கு வெட்டி, மேலே அலுமினியத் தாள் ஒட்டி, வெளியே வைத்துக் கயிறு கட்டிவிடுவேன். ஆடிக் காற்றில் மட்டும் வேண்டாம், பறந்துவிடும். ஒன்றைக் குன்றக்குடிப் பக்கம் பறிகொடுத்திருக்கிறேன்.

தேவகோட்டை மருமகள்:

எங்கள் வண்டி கொஞ்சம் வசதியானது, சன்னல் கண்ணாடி அல்ல, இரட்டை அடுக்கு அக்ரிலிக். அதனால் நேர்ந்த கதை இது. ஊருக்கு வந்து பிள்ளையார்பட்டிக்குக் காரில் போய்வந்தோம். கிளம்பும்போது உள்பக்கம் இருக்கும் வெள்ளி நிறச் சுருள் திரையை எல்லாச் சன்னலிலும் அடிவரை இறுக்கி மூடிவிட்டேன். சமர்த்தாகத்தான் செய்கிறோம் என்று நினைப்பு. திரும்பி வந்து பார்த்தால் மேற்குச் சன்னல் ஒன்று அப்பளம் மாதிரி உள்வாங்கியிருந்தது. திரைக்கும் அக்ரிலிக்குக்கும் நடுவில் சூடு அடைபட்டு நெளிந்துவிட்டதாம். கையேட்டைப் பிரித்தால், கடும் வெயிலில் திரையை முழுக்க மூடாமல் கொஞ்சம் திறந்து வையுங்கள் என்று போட்டிருக்கிறது. கையேட்டை யார் படித்தோம்!

அக்ரிலிக்கில் சன் ஃபிலிம் ஒட்டலாமா என்று கேட்பவர்களுக்கும் அதே பதில்தான். சூடு தங்கி விரிசல் விழும். வெளியே போடும் உறைதான் நல்லது.

கோட்டையூர்க்காரர்:

கண்ணாடிச் சன்னலிலும் கறுப்பு ஃபிலிம் வேண்டாம். 2012-ல் உச்ச நீதிமன்றம் நிறுத்தியதிலிருந்து மடக்கினால் அபராதம்தான், நான் கட்டியிருக்கிறேன். விதிப்படி முன், பின் கண்ணாடியில் 70 சதவீத வெளிச்சமும் பக்கங்களில் 50 சதவீதமும் ஊடுருவ வேண்டும். நிறுத்திய பிறகு கட்டி, கிளம்பும் முன் அவிழ்க்கிற வலைக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

வெட்டிவேர்த் தட்டி நனைத்துக் கட்டலாமா என்று யாராவது கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். கட்டிப் பார்த்தேன். காற்று அடித்தால் வாசனையும் குளிர்ச்சியும் அருமை. காற்று நின்றால் வெறும் ஈரத் தட்டி. அரை மணிக்கு ஒருமுறை செம்பும் கையுமாக எழுந்து போக வேண்டும். ஏசி வண்டிக்குத் தேவையே இல்லை.

பள்ளத்தூர் பேரன்:

நன்றி அண்ணே, நன்றி அக்கா. கூரைச் சன்னலை நான் அடியோடு மறந்திருந்தேன். 40-க்குக் கீழே இறங்காததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும்.

வலையை எப்படி மாட்டினேன் என்று தனியாகக் கேட்ட நண்பருக்கு: முதலில் ரப்பர் உறிஞ்சிக் கொக்கிகள் போட்டேன், வெயிலில் இளகி ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. பிறகு காந்தம். இரும்புத் தகட்டு பாடியில்தான் ஒட்டும், அலுமினியம், ஃபைபரில் ஒட்டாது. காந்தத்துக்கு அடியில் புழுதி சிக்கினால் பெயின்ட் கீறிவிடும், பழைய பனியன் துணியில் சுற்றிக்கொள்ளுங்கள்.

மூன்று மீட்டர் வலை மிஞ்சியது. ஆச்சி கேட்டு வாங்கிக்கொண்டார். மாடியில் மோர் மிளகாய் காயப் போட்டால் காக்காய் கொத்தாமல் இருக்க அதுதான் இப்போது மேலே கிடக்கிறதாம்.