ஒரே தீவனம், இரண்டு இனக் குஞ்சுகள்: கால் திரும்பியது ஒன்றுக்கு மட்டும் ஏன்?

கேள்வி (நாங்குநேரி):
வணக்கம். கறிக்கோழிக் குஞ்சுகள் இருபதையும் சிறுவிடைக் குஞ்சுகள் இருபதையும் ஒரே கொட்டகையில் விட்டு, மக்காச்சோளம், தவிடு, கடலைப் பிண்ணாக்கு, கிளிஞ்சல் தூள் ஆகியவற்றை நானே அரைத்துக் கலந்து கொடுத்து வந்தேன். மூன்றாவது வாரத்தில் கறிக்கோழிகளில் நான்கிற்குக் கணுக்கால் மூட்டு வீங்கி, கால் வெளிப்பக்கமாகத் திரும்பிவிட்டது. மூட்டின் பின்னால் ஓட வேண்டிய நரம்பு பக்கவாட்டில் விலகிக் கிடக்கிறது. பெருவிரலால் தள்ளி வைத்தாலும், கையை எடுத்தவுடன் மறுபடியும் நழுவுகிறது. சிறுவிடைகளுக்கு ஒரு குறையும் இல்லை. நாட்டு இனத்தின் உடலில் நுண்தாதுக்கள் இயல்பாகவே கூடுதலாகச் சேருமா?

மறுமொழி (பாளையங்கோட்டை, ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்):
அண்ணாச்சி, நீங்கள் நரம்பு என்று சொல்வது தசைநாண். அது நழுவுவதற்கு மாங்கனீஸ் குறைவே முதற்காரணம், கோலின், பயோட்டின் ஆகிய சத்துகள் குறைந்தாலும் இது வரும். மக்காச்சோளத்தில் கிலோவுக்கு ஏறத்தாழ 7 மில்லிகிராம் மாங்கனீஸ்தான் உண்டு. வளரும் குஞ்சின் தீவனத்தில் 60 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழுமம் 1994இல் வெளியிட்ட அளவு. தவிட்டில் மாங்கனீஸ் நிறையவே இருந்தாலும், அதிலுள்ள ஃபைட்டிக் அமிலம் தாதுக்களைப் பிடித்து வைத்துக்கொள்வதால் குடல் உறிஞ்சுவது சொற்பமே. கிளிஞ்சல் தூள் அளவு மீறினால் துத்தநாகமும் கிடைக்காமல் போகும்.

இன வேறுபாட்டைப் பொறுத்தவரை, எலும்பு எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இரும்பும் தாமிரமும் ஈரலில் சேமிப்பாகத் தங்கும். மாங்கனீஸுக்கு அப்படிப்பட்ட பெரிய சேமிப்பு கிடையாது, மஞ்சள் கருவிலிருந்து வந்த சிறு இருப்பும் விரைவில் தீர்ந்துவிடும். ஆறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தாண்டும் கறிக்கோழிக்கு அன்றாட வரவு போதாமல் போகிறது. அந்த எடையின் பாதியை எட்டவே மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும் சிறுவிடைக்கு அதே வரவு போதுமானதாகிறது. ஆகவே சிறுவிடை கூடுதலாகச் சேர்த்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன், அதன் தேவை மெதுவாக எழுகிறது.

மறுமொழி (களக்காடு):
மேயும் சிறுவிடை கரையான், புழு, கீரை என்று தானே தேடித் தின்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். நான் வளர்க்கும் கடக்நாத் என்னும் கருங்கோழியின் கறுப்புக் கறியை இரும்புச்சத்து என்று நம்பி வாங்குகிறார்கள். அந்த நிறம் மெலனின் என்னும் நிறமியால் வருவது என்பதை ஒவ்வொருவருக்கும் சொல்லி வருகிறேன்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. இனி தாது உப்புக் கலவை சேர்த்தால் அந்த நான்கும் தேறுமா?

மருத்துவர்:
நழுவிய கால் பழைய நிலைக்குத் திரும்பாது. அவற்றைத் தனியே பிரித்து, தீனியும் தண்ணீரும் எட்டும்படி வையுங்கள். மீதிப் பதினாறுக்கு, கோழிக்கென விற்கும் கலவையை, மாட்டுக்கானதை அல்ல, உறையில் குறித்த அளவில் இன்றே சேருங்கள். இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஒரு குஞ்சைக் கொண்டுபோய்க் காட்டிக் காரணத்தை உறுதி செய்துகொள்வதும் நல்லது.