வகுப்பில் வாயே திறக்காத 4 வயது மகள்: உதவி தேவை

மகளைப் பள்ளியில் சேர்த்து ஒரு மாதம் ஆகப்போகிறது. சீருடையை ஆசையாகத்தான் போட்டுக்கொள்கிறாள். பள்ளி வாசலைப் பார்த்ததும் என் சட்டை நுனியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு குமட்டும் அளவுக்கு அழுகிறாள். விடுமுறைக்கு மறுநாள் இன்னும் மோசம். உள்ளே போனதும் அழுகை நின்றுவிடுகிறதாம். ஆனால் யாரிடமும் பேசுவதில்லை. சிறுநீர் வந்தால்கூடச் சொல்லாமல் மாலைவரை அடக்கிக்கொள்கிறாள். அழுகை போகப்போகச் சரியாகிவிடும், இது அப்படி இல்லை. அடக்கி அடக்கித் தொற்று வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. வீட்டிலோ ஓயாத பேச்சு.

சேர்க்கும் முன்பே வகுப்பறையைக் காட்டினோம். டீச்சர் விளையாட்டு விளையாடிப் பார்த்தோம். நழுவாமல், டாட்டா சொல்லித்தான் கிளம்புகிறேன். அவள் அப்பா கொண்டுபோய் விட்டாலும் இதே கதைதான்.

தன் தேவையை ஆசிரியையிடம் சொல்ல உங்கள் பிள்ளையை எப்படிப் பழக்கினீர்கள்?