நேர்ல பாத்த ராட்சச விமானங்கள்: எங்க பாத்தீங்க, அது எதைத் தூக்கப் பொறந்துச்சு?

ஷம்ஷாபாத்வாசி

சும்மா "பெரிய ஃப்ளைட் பாத்தேன்"னு மட்டும் போட்டுட்டுப் போகாதீங்க மக்களே, உள்ள என்ன சரக்கு, எதுக்காக அந்த சைஸ்ல செஞ்சாங்கன்னு தெரிஞ்சா அதையும் எழுதுங்க. நானே ஆரம்பிக்கிறேன்.

2016 மே மாசம் ஹைதராபாத்ல வேலை பாத்துட்டு இருந்தேன். மிரியா வருதுன்னு, அதான் ஆன்டனோவ் 225 சரக்கு விமானம், ஆபிஸ் வாட்ஸப் குரூப்ல ஒருத்தன் போட்டான், இந்தியாவுக்கு அது வந்ததே அதான் முதல் தடவை. செக் நாட்டு பிராக்லருந்து ஆஸ்திரேலியா பெர்த்துக்கு நூறு டன்னுக்கு மேல வர்ற ஒரு ஜெனரேட்டரைத் தூக்கிட்டுப் போற வழியில எரிபொருள் போட இங்க இறங்குச்சு. கிட்ட எல்லாம் விடல, வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு தூரத்துல பாத்ததுதான், ஆனா அந்த ரெட்டை வால் ஒண்ணு போதும் அடையாளத்துக்கு. ஆறு இன்ஜின், 32 சக்கரம், ரெக்கை இந்த முனையிலருந்து அந்த முனை 88 மீட்டர், சரக்கு எண்ணெய் எல்லாம் சேத்து 640 டன்னோட எழும்பும். நாம தினம் ஏறுற ஏர்பஸ் 320 ஒண்ணு அதைத் தாண்டிப் போனப்பதான் சைஸே மண்டையில ஏறுச்சு.

ரெட்டை வால் எதுக்குன்னு அப்புறம் படிச்சேன். சோவியத்காரங்க புரான்னு ஒரு விண்வெளி ஓடம் செஞ்சாங்க இல்ல, அதை முதுகுல கட்டிட்டு பைக்கானூர் ஏவுதளத்துக்குக் கொண்டு போகணும், நடுவுல ஒத்த வால் இருந்தா முதுகுல இருக்கிற ஓடம் கலைச்சு விடுற காத்து நேரா அதுல போய் அடிக்கும், அதனால ரெண்டாப் பிரிச்சு ஓரத்துக்குத் தள்ளிட்டாங்க. இதுல கொடுமை என்னன்னா புரான் விண்வெளிக்குப் போனது 1988 நவம்பர்ல ஒரே ஒரு தடவை, அதுவும் ஆள் இல்லாம. மிரியா முதல் தடவை பறந்ததே அதுக்கு அடுத்த மாசம்! சோவியத் உடைஞ்சதும் ஓடமும் போச்சு வேலையும் போச்சு, 94-ல ஓரங்கட்டி இன்ஜினைக் கழட்டி ருஸ்லானுக்கு, அதான் ஆன்டனோவ் 124 விமானங்களுக்கு, மாட்டிட்டாங்க. 2001-ல திரும்ப எழுப்பி வாடகை சரக்குக்கு விட்டாங்க, 2009-ல ஜெர்மனிலருந்து ஆர்மீனியாவுக்கு ஒரு ஜெனரேட்டரை, அதைத் தாங்குற சட்டத்தோட சேத்து ஒரே உருப்படியா 187.6 டன் தூக்குச்சு. ஓடத்துக்காகப் பொறந்தது ஜெனரேட்டர் தூக்கித்தான் பேர் வாங்குச்சு.

தெற்குக்கரை

எங்கட பக்கமும் அது வந்தது. 2018ல ஒருக்கா, பிறகு 2021 ஜூன்ல திரும்பவும், ரெண்டும் இலங்கை மத்தள விமான நிலையத்திலதான், எண்ணெய் அடிக்க. நான் ரெண்டாந்தரம் பாத்தனான், அப்ப அம்பாந்தோட்டையில வேலை. ஆக்களே வராத ஏர்போர்ட் எண்டு எல்லாரும் பகிடி பண்ணுற இடத்தில அண்டைக்கு உலகத்திலயே பெரிய பிளேன் வந்து நிண்டது. ஓடுபாதை மூண்டரை கிலோமீட்டர் இருக்கு, பெரிசா ஒரு போக்குவரத்தும் இல்லை, இப்பிடிப்பட்ட ஒண்டுக்கு அதைவிட நல்ல இடம் வேற எங்க கிடைக்கும்.

பாலைக்காத்து

மிரியாவைப் பாக்கக் குடுத்து வைக்கல, ஆனா அதோட அண்ணன் ருஸ்லான், ஆன்டனோவ் 124, அதுல சரக்கு ஏத்தியே இருக்கேன். ஷார்ஜாவுல சரக்கு அனுப்பி வைக்கிற ஃபார்வர்டிங் கம்பெனி, ப்ராஜெக்ட் கார்கோ டிபார்ட்மென்ட், எண்ணெய்க் கிணறு தோண்டுற ரிக் சாமான்தான் எங்களுக்கு அதிகம். முதல்ல மூக்கு அப்படியே மேல தூக்கிக்கும், அப்புறம் முன்சக்கரத்தை மடக்கி ரெண்டு குட்டைக் கால் மேல எடையை இறக்கி, கோயில் யானை ஆள் ஏத்திக்க மண்டி போடுமே அந்த மாதிரி முன்பக்கம் தரைக்கு இறங்கும். இதை நேர்ல பாக்காதவங்களுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாது.

எங்க வேலையில பாதி எடை எவ்வளவுங்கிறது இல்ல, அந்த எடை தரையில எந்த இடத்துல உக்காருதுங்கிறதுதான். இருபது டன் சாமான் சின்ன காலுல நின்னா தரை தாங்காது, அடியில கட்டை போட்டுப் பரப்பி விடணும், அப்புறம் சங்கிலி போட்டு லேஷிங், அதை விமானத்தோட ஆளு ஒவ்வொண்ணா இழுத்துப் பாப்பான், திருப்தி இல்லன்னா அவுத்துத் திரும்பக் கட்டு. நாப்பது டிகிரி வெயில்ல இதை ரெண்டு தடவை கட்டினா தெரியும் சேதி. கூரையிலயே ஓடுற கிரேன் உள்ளேயே இருக்கு, வெளிக் கிரேன் இல்லாத ஊர்லயும் இறக்கிக்கலாம், மெக்கானிக்கும் கூடவே வருவான், மேல்மாடியில தங்கிப்பாங்க. சோவியத் ராணுவத்துக்காக 1982-ல பறக்கவிட்டது, டாங்கியோட வசதியே இல்லாத ஏர்ஃபீல்டுல போய் இறங்கணும்னு யோசிச்சு செஞ்சது, அதனாலதான் 24 சக்கரம். அந்த யோசனைதான் பிறகு எங்களை மாதிரி ஆளுங்களுக்கு சோறு போட்டுச்சு. 2021 மே மாசம் இந்தியாவுல ஆக்சிஜனுக்கு அல்லாடினப்போ பெல்ஃபாஸ்ட்லருந்து டெல்லிக்கு மூணு ஆக்சிஜன் பிளான்ட், ஒவ்வொண்ணும் 18 டன், வந்தது இதுலதான்.

தேரா துபாய்

யாருமே ஏ380 பத்திப் பேசலயா?? பயணிகள் விமானத்துல அதான் ராஜா, 575 டன், முழு ரெண்டு மாடி. துபாய் டெர்மினல் 3-ல அது வரிசையா நிக்கிறதைப் பாத்தா வேற எந்த ஊரும் கண்ணுக்குத் தெரியாது.

இறங்குறப்போ ஜன்னல் சீட் கிடைச்சா ஒண்ணு கவனிங்க. நாலு இன்ஜின் இருந்தாலும் பிரேக்குக்கு ரிவர்ஸ் திறக்கிறது உள்பக்கம் இருக்கிற ரெண்டுல மட்டும்தான், வெளி ரெண்டும் அகலத்துல ரன்வேயைத் தாண்டித் தொங்கும், அங்க ரிவர்ஸ் போட்டா மண்ணு, கல்லு எல்லாம் கிளம்பும். ரெக்கையும் 79.8 மீட்டர்ல நிறுத்தியிருக்காங்க, ஏர்போர்ட் ஸ்டாண்டுக்கு 80 மீட்டர்தான் வரம்பு, இன்னும் கொஞ்சம் நீட்டியிருந்தா எண்ணெய் மிச்சமாயிருக்கும்னு சொல்லுவாங்க.

ஷம்ஷாபாத்வாசி

அண்ணே ராஜாங்கிறீங்க, 251 செஞ்சதோட 2021-ல கடையை மூடிட்டாங்களே. அதுல பாதிக்குப் பக்கம் வாங்கினதே உங்க ஊர் ஏர்லைன் ஒண்ணுதான்.

தேரா துபாய்

தம்பி அது விமானத்தோட தப்பு இல்ல. பெரிய ஊர்லருந்து பெரிய ஊருக்கு மொத்தமா கூட்டிட்டுப் போய் அங்கிருந்து பிரிச்சு அனுப்பலாம்னு கணக்குப் போட்டாங்க, அதுக்குள்ள ரெட்டை இன்ஜின் விமானங்க நேரா சின்ன ஊருக்கே பறக்க ஆரம்பிச்சிருச்சு. துபாய் மாதிரி பாதி உலகமும் இறங்கி மாறுற ஊர்ல இன்னைக்கும் அது நிரம்பித்தான் போகுது. நல்ல மாடலைத் தப்பான ஊருக்கு வித்தா அதுக்கு மாடல் என்ன பண்ணும். 2022 அக்டோபர்லருந்து பெங்களூருக்கே வருது, போய்ப் பாருங்க.

டெலவேர்காரன்

ராணுவ சைடு ஒண்ணு. நான் இருக்கிறது அமெரிக்காவுல டோவர் ஏர் பேஸ் பக்கம், சி-5 கேலக்ஸி தலைக்கு மேல போறது எங்களுக்கு டவுன் பஸ் மாதிரி. 1968-ல முதல்ல பறந்தது, 28 சக்கரம், பெரிய டாங்கி ரெண்டு ஒரே நேரத்துல ஏறும், மூக்கும் திறக்கும் வாலும் திறக்கும், வண்டி ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கிடும். அங்க மியூசியத்துல நிக்கிற சி-5 ஒண்ணு 1974-ல மினிட்மேன் ஏவுகணையை பாராசூட்ல கீழ தள்ளி நடுவானத்துல பத்த வெச்சது, அந்தப் பழைய விமானத்துக்குள்ளயே ஏறி நடந்து பாத்துட்டு வந்தோம். பொண்ணு அந்த நீள ஹாலைப் பாத்ததும் ஓட ஆரம்பிச்சவதான், வெளிய கூட்டிட்டு வர்றதே பெரும்பாடு.

புதுமுகம்

பையனுக்கு இதுல பைத்தியம், மிரியாவைக் காட்டணும்னு கேக்குறான். இப்ப எங்க வந்தா பாக்கலாம்?

பாலைக்காத்து

முடியாது நண்பா, 2022 பிப்ரவரி கடைசியில கீவ் பக்கத்துல ஹோஸ்டோமல் ஏர்போர்ட் சண்டையில அது எரிஞ்சு போச்சு, முழுசா செஞ்சது அந்த ஒண்ணுதான். ருஸ்லான் பறந்துட்டு இருக்கு, ஆன்டனோவ் ஏர்லைன்ஸ் இப்ப ஜெர்மனி லைப்சிக்லருந்து ஓட்டுறாங்க. எந்த விமானம் எங்க பறக்குதுன்னு காட்டுற ஃப்ளைட்ரேடார் ஆப்ல 'ஏடிபி' (ADB)ன்னு ஆரம்பிக்கிற கால்சைன், அதாவது விமானத்தோட அழைப்புப் பேர், போட்டுத் தேடி வெச்சுக்கோங்க. டைம் டேபிள் எல்லாம் கிடையாது, எவனாவது பெரிய சாமான் புக் பண்ணா வரும், அதனால அலெர்ட் போட்டு வைங்க, வர்றதுக்கு முந்தின நாள் லைப்சிக்கை விட்டுக் கிளம்பினதும் கண்ணுல படும்.