பெட்ரோல் நாமே போடுவதா, ஆள் வந்து போடுவதா? பட்டதைச் சொல்லுங்கள்

எடிசன்வாசி:

நான் இருப்பது நியூஜெர்சியில், எடிசன் பக்கம். அமெரிக்காவிலேயே நம் வண்டிக்கு நாமே பெட்ரோல் போடக்கூடாது என்று சட்டம் மிச்சமிருக்கும் ஒரே மாநிலம் இதுதான். பங்கில் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, "ரெகுலர், ஃபுல் டேங்க்" என்று சொல்லிக் கார்டை நீட்டினால் போதும். இந்தப் பக்கம் பம்ப் பிடிப்பவர் பல இடங்களில் பஞ்சாபிக்காரர். நம் முகத்தைப் பார்த்ததுமே இந்தியில் ஆரம்பித்துவிடுவார். நமக்குத்தான் இந்தி வராது, அது வேறு கதை.

போன குளிர்காலத்தில் ஒருநாள் ராத்திரி, பனியும் மழையும் கலந்து ஊற்றிக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் பென்சில்வேனியா நம்பர் போட்ட வண்டி. ஓட்டி வந்தவர் இறங்கினார், கார்டைச் சொருகினார், நாசிலைக் கையில் எடுத்துவிட்டார். உள்ளே ஹீட்டர் பக்கத்தில் நின்றிருந்த பெரியவர் ஒரு கையுறையை மாட்டியும் மாட்டாமலும் கத்திக்கொண்டே ஓடி வந்தார். வந்தவருக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏன் சார், மழையில் நீங்கள் எதற்கு நனையணும்" என்கிறார். பெரியவருடைய பயம் வேறு. வண்டிக்காரரையே போட விட்டால் முதல் தடவை 50 முதல் 250 டாலர் வரை அபராதம், அதற்கப்புறம் 500 வரை போகும். பங்க் தலையில் விழுகிற சமாச்சாரம்.

இந்தச் சட்டம் 1949-இல் வந்தது. காரணமாக எழுதி வைத்திருப்பது தீ விபத்து, பெட்ரோல் புகை. ஆனால் ஊரில் சொல்லப்படும் கதை இன்னொன்று. ஹேக்கன்சாக்கில் ரூட் 17 மேல் இர்விங் ரைன்கோல்ட் என்பவர் 24 பம்ப் வைத்து ஒரு செல்ஃப் சர்வீஸ் பங்க் திறந்தார். மற்றவர்கள் கேலன் 21.9 சென்டுக்கு விற்றபோது அவர் 18.9-க்குக் கொடுத்தார். வண்டிகள் அங்கே வரிசை கட்டின. போட்டிக்காரர்கள் சட்டசபைப் பக்கம் போனார்கள், தடை வந்தது. பாதுகாப்புக்காக வந்த சட்டம் என்று யாராவது அடித்துச் சொன்னால் நான் சிரித்துக்கொள்வேன்.

அதே சமயம், எடுத்துவிடுங்கள் என்று கேட்கவும் எனக்கு மனசில்லை. 2022-இல் ஒரு மசோதா வந்து படுத்துவிட்டது. எடுத்தால் விலை குறையும் என்கிறார்கள். ஆள் வைத்துப் போட்டும் எங்கள் ஊரில் முன்பு விலை குறைவாகத்தான் இருந்தது, வரி குறைவு என்பதால். 2016-இல் கேலனுக்கு 23 சென்ட் வரி ஏற்றினார்கள், அந்தச் சலுகை போயிற்று. பம்ப் பிடிப்பவர் சம்பளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மற்ற ஊர்க்காரர்கள் நேரில் கண்டதை எழுதுங்கள். செய்தியில் படித்தது வேண்டாம்.

ஹில்ஸ்பரோ_அம்மணி:

ஆரிகன். உங்களுக்கு அடுத்தபடியாகத் தடை போட்டு வைத்திருந்தவர்கள் நாங்கள், 1951 முதல். ஆள் குறைவான கவுன்டிகளில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) 2018-இலேயே தளர்த்திவிட்டார்கள். போர்ட்லண்ட் சுற்றுவட்டாரத்துக்கு 2023 ஆகஸ்டில்தான் விடிந்தது.

அண்ணா, உங்களுக்கு அதில் இருக்கும் சுகம் எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. எட்டு பம்புக்கு ஒரு பையன் ஓடுவான். டேங்க் நிறைந்து "டக்" என்று நின்றுவிடும். ஆனால் நாசிலை எடுத்து மாட்ட அவன் வரணும். அவன் அந்தக் கோடியில் யாருக்கோ ரசீது கொடுத்துக்கொண்டிருப்பான். நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், பின்சீட்டில் குழந்தை ஸ்கூலுக்கு நேரமாச்சு என்று அழும். கையெட்டும் தூரத்தில் இருப்பதைத் தொடக்கூடாது!

இப்போது பெரிய கவுன்டிகளில் பாதி பம்புக்காவது ஆள் வைக்கணும் என்று விதி. இரண்டுக்கும் ஒரே விலை. நாமே போட்டால் சென்ட் கூடக் குறையாது. மிச்சமாகிற கூலி எங்கே போகிறது என்று கேட்காதீர்கள். மழைநாளில் மட்டும் ஆள் இருக்கும் வரிசை நீளமாக இருக்கும். எங்கள் ஊரில் மழைநாள் எத்தனை என்று இங்கே வந்தவர்களுக்குத் தெரியும்.

டல்லாஸ்_அக்கா:

டெக்சாஸில் ஆள் போடுவது என்றால் என்னவென்றே இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தெரியாது. நன்மை தீமை இரண்டையும் அனுபவித்தவள் என்ற முறையில் நாலு விஷயம் எழுதுகிறேன். புதிதாக மாஸ்டர்ஸ் படிக்க வரும் தம்பி தங்கைகள் கவனியுங்கள்.

பம்பில் கார்டு போட்டதும் ஜிப் கோடு கேட்கும். இந்தியக் கார்டுக்கு ஏது ஐந்து இலக்க ஜிப்? நம்மூர் பின்கோடு ஆறு இலக்கம், எதை அமுக்கினாலும் ஒத்துக்காது. போன வருஷம் என் தங்கச்சி மகன் பத்து நிமிஷம் அதோடு மல்லுக்கட்டிவிட்டு எனக்கு ஃபோன் செய்தான். உள்ளே போய் கவுன்டரில் "பம்ப் 6, 20 டாலர்" என்று சொல்லிப் பணம் கட்டிவிட்டு வந்து போடு என்றேன். அதில் இன்னொரு வசதி, 14 டாலருக்கே டேங்க் நிறைந்துவிட்டால் மீதியைத் திருப்பிக் கொடுப்பார்கள்.

அடுத்தது டெபிட் கார்டு. எவ்வளவுக்குப் போடப் போகிறோம் என்று பம்புக்கு முன்கூட்டித் தெரியாதல்லவா? அதனால் ஒரு தொகையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 2022-இலிருந்து அது 175 டாலர் வரை போகலாம். நீங்கள் போட்டது 30-க்குத்தான் என்றாலும், கணக்கு நேராகும் வரை மீதியைத் தொடமுடியாது. கணக்கில் 200 வைத்துக்கொண்டு மாதக் கடைசியை ஓட்டும் பிள்ளைகளுக்கு இது பெரிய அடி. எங்கள் அபார்ட்மென்டில் ஒரு பையனுக்கு இதனாலேயே கரண்ட் பில் திரும்பி வந்து, அதற்கு வங்கி தனியாகத் தீட்டியது. உள்ளே கவுன்டரில் தொகை சொல்லிக் கட்டினால் இந்தத் தலைவலி இல்லை.

கார்டு திருட்டும் உண்டு. ரோட்டோரமாக, கடைக்காரர் கண்ணில் படாத பம்பில்தான் திருட்டுக் கருவியை மாட்டுவார்கள். கார்டு சொருகும் இடத்தை ஒருமுறை பிடித்து ஆட்டிப் பார்ப்பேன். ஆடினால் வண்டியை எடுத்துவிடுவேன்.

கடைசியாக, குளிர்காலத்தில் பண்ணக்கூடாத ஒன்று. நாசிலை லாக் பண்ணிவிட்டு, குளிருது என்று வண்டிக்குள் போய் உட்காராதீர்கள். சீட்டில் உரசி உரசி உடம்பில் நிலைமின்சாரம் ஏறிவிடும். திரும்ப வந்து நாசிலைத் தொடும்போது பொறி கிளம்பித் தீப்பிடித்த சம்பவங்கள் உண்மையிலேயே இருக்கின்றன. உள்ளே போயே ஆகணும் என்றால், வெளியே வந்ததும் முதலில் வண்டிக் கதவின் இரும்பைத் தொட்டுவிட்டுப் பிறகு நாசில் பக்கம் போங்கள். செல்ஃபோனைப் பார்த்து எல்லோரும் பயப்படுகிறார்கள், சீட்டைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை.

பிஸ்கடவே_மகள்:

அக்கா சொன்னது எல்லாம் கைகால் நன்றாக இருப்பவர்களுக்கு. என் அப்பா வலது கையில் பக்கவாதம் வந்து பிழைத்தவர், இடது கையால் பழகி வண்டி ஓட்டுகிறார். நியூஜெர்சிக்குள் அவர் யாரிடமும் உதவி கேட்டதில்லை. டெலவேர் ஆற்றைத் தாண்டிப் பென்சில்வேனியா போனால் பிரச்சினை. மாற்றுத்திறனாளி ஹார்ன் அடித்தால் வந்து போட்டுக் கொடுக்கணும், கூடுதல் காசு வாங்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆனால் கடையில் ஒரே ஆள் டூட்டியில் இருந்தால் அந்தக் கட்டாயம் இல்லை. ராத்திரியில் எந்தக் கடையில் இரண்டு பேர் இருக்கிறார்கள்? ஆகவே அப்பா டிரென்டனிலேயே நிரப்பிக்கொண்டுதான் பாலத்தில் ஏறுவார்.

செட்காரன்_லண்டன்:

எல்லாரும் போடுகிற ஆளாக எழுதுகிறீர்கள், நான் உள்ளே இருந்த ஆள். லண்டனில் பெற்றோல் செட்டில் இரவு வேலை. எங்கட சனம் இங்கே வந்து இறங்கினால் முதல் வேலை பெரும்பாலும் செட்தான். பிறகு அந்தச் செட்டையே எடுத்து நடத்துகிறவர்களும் நிறையப் பேர்.

தன்பாட்டில் போடுகிறோம் என்று நீங்கள் நினைப்பீர்கள், அது அரைவாசிதான் உண்மை. நீங்கள் நாசிலைத் தூக்கியதும் எனக்கு முன்னால் உள்ள பெட்டி கீச்சிடும். நான் கண்ணாடிக்கு வெளியே பார்ப்பேன், இல்லாவிட்டால் கமராவில் பார்ப்பேன். வாயில் சிகரெட் இருக்கிறதா, பிடிப்பது சின்னப் பிள்ளையா என்று பார்த்துத்தான் பம்பைத் திறக்கிற பட்டனை அமத்துவேன். 16 வயதுக்குக் கீழே என்றால் விடக்கூடாது. நான் அமத்தாமல் ஒரு சொட்டும் வராது. சிலர் வெளியில் நின்று கையை விரித்துக் காட்டி ஏசுவார்கள், மைக்கில் "சேர், அந்தச் சிகரெட்" என்றதும் அடங்குவார்கள்.

இரவில் அடிக்கடி கண்டது பிழையான எண்ணெய் அடிக்கிறது. டீசல் நாசில் தடிப்பு, பெற்றோல் வண்டியின் வாய்க்குள் லேசில் போகாது. பெற்றோல் நாசிலோ மெல்லிசு, டீசல் வண்டிக்குள் சுகமாய்ப் போய்விடும். அதனால் மாட்டுப்படுகிறவர்கள் முக்கால்வாசி டீசல் வான்காரர்கள். ஒருநாள் விடிய நாலு மணிக்கு ஒரு கட்டட வேலைக்காரர் 60 பவுண்ஸுக்கு அடித்துவிட்டு உள்ளே வந்தார். ரசீதில் "அன்லெடட்" (பெற்றோல்) என்று கிடந்ததைப் பார்த்து முகம் வெளுத்துப் போனார். ஸ்டார்ட் பண்ணாதீங்கோ, திறப்பையே போடாதீங்கோ என்று நான் சொன்னேன். இரண்டு பேருமாய் வானைத் தள்ளி ஓரமாக்கினோம். டேங்கை உறிஞ்சி எடுக்கிற ஆள் வரும்வரை அந்தாள் என்னோடு தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றார். ஸ்டார்ட் பண்ணியிருந்தால் பம்ப், இன்ஜெக்டர் எல்லாம் போயிருக்கும். பச்சைப் பிடி பெற்றோல், கறுப்புப் பிடி டீசல் என்பது இங்கத்தைய வழக்கம். ஊருக்கு ஊர் மாறும், அமெரிக்காவில் பச்சையில் டீசல் வரும் என்று மச்சான் சொல்லுவான். நிறத்தை நம்பாமல் எழுத்தை வாசியுங்கோ.

இன்னொன்று, அடித்துவிட்டுக் காசு கட்டாமல் ஓடுகிறவர்கள். நான் முதலில் வேலை செய்த இடத்து முதலாளி அந்தக் காசை எங்கட சம்பளத்தில் கழித்தார். ஒரு கிழமை உழைப்பில் ஒரு நாள் உழைப்பு யாரோ ஒருவனுடைய டேங்குக்குள் போகும். நீங்கள் கதைக்கிற "செல்ஃப் சர்வீஸில் மிச்சம்" யாருடைய பொக்கற்றிலிருந்து வருகுது என்று அப்போது விளங்கியது. இப்போது பல இடங்களில் பம்பிலேயே கார்டு வந்ததால் அது குறைந்திருக்கு. எடிசன் அண்ணை, உங்கட ஊர்ப் பெரியவர் பனியில் ஓடுகிறார், நான் சூடான அறைக்குள் இருந்தேன். எது நல்ல வேலை என்று கேட்டால் இரண்டையும் செய்து பார்த்தவர்தான் சொல்லவேணும்.

கிள்ளான்_பையன்:

மலேசியாவில் நாங்களே எண்ணெய் ஊற்றிப் பழகி வெகுநாளாச்சு. பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூர் போனால் ஆள் ஓடி வந்து ஊற்றுவார், எங்களுக்கே கூச்சமாக இருக்கும்.

எங்கள் சிக்கல் உதவித்தொகை. ரோன்95 என்கிற சாதாரண பெட்ரோல் எண்ணெய்க்கு அரசாங்கம் மானியம் தருகிறது. 2025 செப்டம்பர் கடைசியிலிருந்து மைகார்டு (அடையாள அட்டை) காட்டும் குடிமக்களுக்கு லிட்டர் 1.99 ரிங்கிட். வெளிநாட்டு வண்டிக்கு ரோன்95 விற்கக்கூடாது என்பது 2010 முதல் உள்ள விதி. ஆனால் பம்ப் பக்கத்தில் ஆளே இல்லாதபோது யார் பிடிப்பது? ஜொகூரில் நான் கண்ணால் பார்த்தேன். சிங்கப்பூர் நம்பர் வண்டி, ஓட்டுநர் நிதானமாக ரோன்95-இன் மஞ்சள் நாசிலை எடுக்கிறார். அடுத்த பம்பில் இருந்த அங்கிள் ஃபோனைத் தூக்கிப் படம் எடுக்க ஆரம்பித்ததும் நாசிலை மாற்றிக்கொண்டார். காவலுக்குச் சம்பள ஆள் இல்லாததால் பொதுமக்களே காவல், அப்புறம் ஃபேஸ்புக்கில் சண்டை.

கோவை_ரைடர்:

நம்மூர்ல இது வருமா? நூறு ரூபாய்க்குப் போடும் டூவீலர் வரிசையில் ஒவ்வொருத்தரும் ஸ்கிரீனைத் தொட்டுத் தொட்டு நின்றால் வரிசை அவிநாசி ரோடு வரை போகும். "ஜீரோ பாருங்க சார்" என்று சொல்பவரை நம்பாதவர்கள்தான் செல்ஃப் சர்வீஸ் கேட்கிறார்கள். மெஷினையே திருகி வைத்திருந்தால் நாசிலை யார் பிடித்தால் என்ன? சந்தேகம் வந்தால் பங்கில் இருக்கும் முத்திரை போட்ட 5 லிட்டர் அளவையைக் கேளுங்கள், அளந்து காட்டியாகணும். நான் கேட்டு வாங்கிப் பார்த்திருக்கிறேன், முகத்தைச் சுளித்தாலும் எடுத்து வந்தார்கள். லண்டன் அண்ணா, ஒரு சந்தேகம்: வண்டி நின்று போனால் அங்கே பாட்டிலில் வாங்க முடியுமா? இங்கே சில பங்கில் தருவார்கள், சில பங்கில் விரட்டுவார்கள்.

செட்காரன்_லண்டன்:

தம்பி, கானில் வாங்கலாம். பிளாஸ்டிக் கான் என்றால் 10 லிட்டர், இரும்புக் கான் என்றால் 20 லிட்டர் வரைக்கும், பெற்றோலுக்கென்று செய்ததாய் இருக்கவேணும். நிலத்தில் வைத்து நிரப்பவேணும், வண்டி டிக்கிக்குள் வைத்து நிரப்ப விடமாட்டோம். தண்ணிப் போத்தலோடு வந்தால் பம்ப் திறபடாது, எவ்வளவு கெஞ்சினாலும் சரி. கான் இல்லாட்டி கடைக்குள்ளேயே விற்கிறோம், வாங்குங்கோ.