மறுமொழி: கார்க் கண்ணாடி மங்குவதற்குச் சொல் – 'பனித்தல்'

வணக்கம்.

மழையில் வாகனக் கண்ணாடியில் ஆவி படிந்து மங்குவதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு, 'ஒடுக்கம்' போதும் என்று நேற்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். நீராவி நீராவதற்கு எங்கள் விஞ்ஞானப் பாடப்புத்தகத்தில் அதுதான் சொல், பிழையில்லை. ஆனால் மழைக்குள் வாகனம் ஓட்டுகிறவரின் வாயில் அது வராது.

போன மார்கழியில் ஒரு இரவு, வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு ஏ9 வீதியால் வந்துகொண்டிருந்தோம். அடைமழை. வான் வண்டிக்குள் 7 பேர், எல்லாரும் தெப்பமாக நனைந்திருந்தோம், காலடியில் ஈரக்குடைகள். கனகராயன்குளம் வருவதற்குள் முன்கண்ணாடி வெள்ளை வேட்டி கட்டின மாதிரி ஆகிவிட்டது. நான் துவாயால் துடைக்கத் துடைக்கத் திரும்பவும் மூடியது. இரவில் மாடுகள் வீதியிலேயே படுத்திருக்கும் பக்கம் அது, நெஞ்சு பதறியது. மாங்குளத்தில் நிறுத்தியபோது சாரதி அண்ணை சொன்னார்: "கண்ணாடி வேர்க்குது தம்பி. குளிருதெண்டு ஏசியை நிப்பாட்டினதாலதான்." ஏசியைப் போட்டு, உள்காற்றையே சுற்றவிடாமல் வெளிக்காற்றை எடுக்கும்படி மாற்றினார். கொஞ்ச நேரத்தில் வீதி தெரிந்தது.

'வேர்த்தல்' அருமையான பேச்சுச்சொல். ஆனால் மண்பானை வேர்க்கும்போது உள்ளிருக்கும் நீர் கசிந்து வருகிறது. கண்ணாடியில் அப்படியில்லை. எங்கள் மூச்சும் ஈர உடுப்பும் காற்றில் ஏற்றிய நீராவி, மழையில் குளிர்ந்த கண்ணாடியில் பட்டுத் துளியாகிறது. ஒரு கனமீற்றர் காற்று 30 பாகை செல்சியசில் ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 பாகையில் 17 கிராம்தான், தாங்காத மிச்சம் துளியாகும். வயலில் பனி படிவதும் இதே விதிப்படிதான். உயர்தரப் பௌதிகவியலில் 'பனிபடுநிலை' (காற்று குளிரும்போது நீராவி துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) என்று படித்தோமே, அதுதான் இங்கும் நடக்கிறது.

'படிபனி' என்று ஒருவர் தந்தது எனக்குப் பிடித்தது. ஆனால் எங்களுக்கு வேண்டியது ஒரு வினைச்சொல். அது ஏற்கனவே இருக்கிறது: கண்கள் பனித்தன என்கிறோம். கண்ணாடியும் பனிக்கட்டும். 'கண்ணாடி பனிக்கிறது', பெயராக்கினால் 'பனிப்பு'. பனி என்றால் கனடாவில் வெண்பனி நினைவுக்கு வருமே என்று கேட்பவர்களுக்கு: வன்னியில் "பனிக்குள்ள நிக்காதை" என்று அம்மா சொல்வது எந்தப் பனியை? இரவில் இறங்கும் ஈரப்பனியைத்தானே.

உட்பனிப்பு, வெளிப்பனிப்பு என்று பிரிப்பதிலும் பயன் இருக்கிறது. ஏசியின் குளிர்காற்று கண்ணாடியிலேயே அடித்தால், மழை விட்ட புழுக்கத்தில் வெளிப்பக்கம் பனிக்கும். அதற்கு வைப்பரைப் போட்டு, காற்றின் திசையை மாற்றினால் சரி. விரலால் தொட்டுப் பார்த்தால் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

முன்கண்ணாடியைத் தெளியவைக்கும் பொத்தானுக்கு 'பனிநீக்கி' என்ற பெயர் வேண்டாம். ஏசி காற்றிலிருந்து ஈரத்தை எடுக்கிறது. அந்த நீர்தான் வாகனத்துக்கு அடியில் சொட்டுகிறது. ஆகவே 'கண்ணாடி உலர்த்தி'. பின்கண்ணாடியில் ஓடும் கோடுகள் கண்ணாடியையே சூடாக்குகின்றன, அதை 'சூடாக்கி' எனலாமா? இரண்டுக்கும் ஒரே பெயர் வேண்டும் என்பவர்கள் எழுதுங்கள்.